முத்தும் அழுகலும்: மன்னார்க் கரையின் நீர் வரலாறு

மன்னார் என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு முதலில் வருவது முத்து. பாடப்புத்தகங்கள் அவர்களை அவ்வாறே பழக்கியிருக்கின்றன. கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்த முத்து, அராபிய வணிகர் தேடிவந்த முத்து, 1560 இல் போர்த்துக்கேயரும் 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராகக் கைப்பற்றிக்கொண்ட கரையின் முத்து என்று அதன் புகழ் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் அந்த முத்து எடுக்கப்பட்டபின் கரையில் எஞ்சியது யாது, எஞ்சியதன் நடுவே வாழ்ந்த மக்கள் எந்த நீரைக் குடித்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. செல்வத்தை எழுதும் வரலாறு அச்செல்வம் விட்டுச்சென்ற கழிவையும் சேர்த்து எழுதாவிடின், அது அரைவரலாறேயாகும்.

குடிநீரைத் தூய்மையாக்கும் முறைகள், நச்சுக் கழிவுகளை அகற்றும் முறைகள் ஆகியன பற்றி இன்று மிகுதியாகப் பேசப்படுகின்றது. பேசுவோர் பெரும்பாலும் பொறியியலாளர். பேசப்படுவன பெரும்பாலும் இயந்திரங்கள். இயந்திரங்களை நாம் குறைத்து மதிக்கவில்லை. எனினும், எந்த நீர் யாருக்காகத் தூய்மையாக்கப்படுகின்றது, யாருடைய கழிவு யாருடைய வாசலில் கொட்டப்படுகின்றது என்பவற்றை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அவற்றைத் தீர்மானிப்பவை சமுதாயத்தின் பொருளாதார உறவுகளும் அதிகாரமுமே. இவ்வுண்மையை மன்னார்க் கரையின் இருநூறாண்டு வரலாற்றைக்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலும் நீரும்

மன்னார்த் தீவு ஒரு மணற்றீவு. இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நாக்குப்போல நீண்டுகிடக்கும் அந்நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் உயரமே. அங்கு மலையில்லை, ஆறில்லை. மழையும் பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களோடு நின்றுவிடுகின்றது. அவ்வாறாயின் இத்தனை தலைமுறைகளாக மக்கள் அங்கு வாழ்ந்தது எப்படி?

விடை மணலுக்கு அடியில் இருக்கின்றது. பெய்த மழைநீர் மணலுள் இறங்குகின்றது. கடல்நீரைவிடப் பாரம் குறைந்ததாகையால் அது உவர்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கின்றது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லையின் வடிவத்தில் நிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடோன் கைபனும், 1901 இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்கைத் தனித்தனியே கண்டனர். நன்னீரின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 அடி உயர்ந்திருக்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. இதனைத் திருப்பிப் பார்ப்போம். மேல்மட்டம் அரையடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர்நீர் 20 அடி மேலெழும். இஃது ஏட்டுக் கணக்கு. மணலின் இயல்புக்கும் அடிப்பாறைக்கும் ஏற்ப அளவு மாறுபடும். ஆயினும், மணற்றீவில் நிலத்தடி நீரைத் தொடுவோர் எவரும் மறக்கக்கூடாத கணக்கு இதுவே.

இக்கணக்கை ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தவர்கள் அத்தீவின் மக்கள். ஆழமில்லாத கிணறு, அதில் அன்றாடத் தேவைக்கு மட்டும் மொள்ளும் வழக்கம், பனைகளும் புதர்களும் பிடித்துநிற்கும் மணல்மேடுகள் என்பனவே அவர்களுடைய நீர்த் தொழில்நுட்பம். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை கொண்டு தெளியவைக்கும் முறையைத் தமிழ் மக்கள் பண்டைக்காலந்தொட்டு அறிவர். சங்கப் பாடல்களிலேயே அதற்குச் சான்றுண்டு. குடத்தின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்க்கும்போது அதன் பசைப்பொருள் நீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுதிரட்டி அடியில் படியச்செய்கின்றது. நகர நீர்நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே. ஆயினும் தெளிந்த நீர் யாவும் தூய நீராகிவிடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி தெளிந்த நீரிலும் இருக்கலாம். பழைய அறிவைப் போற்றும்போது அதன் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், இன்னொரு மாபெரும் நீர்வேலை நடந்தது. அநுராதபுரத்தைத் தொட்டு வடமேற்கே ஓடிவந்து அரிப்புக்கு அருகே கடலில் கலக்கும் அருவியாற்றை, அதாவது மல்வத்து ஓயாவை, தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பினர் முன்னோர். இராட்சதக் குளம் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட அக்குளத்தை இராட்சதர் எவரும் கட்டவில்லை. மண் சுமந்த மனிதரே கட்டினர். மாதோட்டம் என்னும் பண்டைத் துறைமுகம் தழைத்ததும், தேவாரம் பாடும் பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் எழுந்ததும் நீரை ஆண்ட இச்சமுதாய உழைப்பின் பின்னணியிலேயே என்று கொள்ளுதல் தவறாகாது. குளங்கள் பின்னர் தூர்ந்தன. அதே காலங்களில் கடலிலிருந்து வரும் வருவாய்மீது அந்நியரின் கண் விழுந்தது.

கொட்டு

முத்துச் சலாபம் என்பது யாது? அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு மேற்கே, கடலடியில், முத்துச்சிப்பி விளையும் பார்கள் உள்ளன. சிப்பி முதிர்ந்துள்ளதென்று கண்ட ஆண்டுகளில் மட்டும் அரசு குளிப்பை அறிவிக்கும். அறிவித்ததும், ஆளரவமற்ற அக்கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் காயலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர், சம்மாட்டிகள், வணிகர், தரகர், கடைக்காரர், கூலிகள், பிச்சைக்காரர் என்று பல்லாயிரவர் வந்து குவிவர். ஓலைக் கொட்டில்களால் தெருக்கள் அமைக்கப்படும். கச்சேரி, நீதிமன்றம், சிறைச்சாலை, மருத்துவமனை யாவும் எழும். பருவம் முடிந்ததும் நகரம் கலையும்.

குளிகாரன் மூச்சை அடக்கிக் கடலடியிலிருந்து எடுத்துவரும் சிப்பிகள் மூன்று பங்காக்கப்படும். ஆங்கிலேயராட்சியின் பிற்காலத்தில் நிலைபெற்ற முறைப்படி இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே குளிகாரருக்கு. அரசின் பங்கு ஆயிரங்களாகக் கூறுபோட்டு ஏலம் விடப்படும். ஏலம் எடுத்த வணிகன் சிப்பிகளை 'கொட்டு' எனப்படும் வேலியடைத்த முற்றத்தில் குவிப்பான். முத்தைப் பிரிக்கும் தொழில்நுட்பம் இங்கேதான் தொடங்குகின்றது. அதன் பெயர் அழுகல்.

ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை சிப்பிகள் வெயிலில் கிடந்து அழுகும். ஈக்கள் மொய்த்து முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்று தீர்க்கும். எஞ்சியதை மரத்தோணியில் கொட்டிக் கடல்நீர் வார்த்து, கூலியாட்கள் வரிசையாக அமர்ந்து கையால் கழுவுவர். ஓடுகளை அகற்றி, நீரை வடித்து, அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்துச் சலித்தால் முத்து கிடைக்கும். ஈயும் புழுவும் வெயிலுமே இத்தொழிலின் இயந்திரங்கள். அவற்றுக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை. முத்து வணிகனின் பெட்டிக்குள் போகும். சதையும் புழுவும் கழுவிய நீரும் கரைக்கே உரியனவாகும்.

1803 இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி இக்கரையை விவரித்துள்ளார். கொண்டச்சியின் நீர் மிகவும் உவர்ப்பானதென்றும், ஆகவே குடியிருப்போரும் படையினரும் நான்கு மைல் தொலைவிலுள்ள அரிப்பிலிருந்தே குடிநீர் பெறவேண்டியிருந்ததென்றும் அவர் எழுதுகின்றார். அழுகலின் நாற்றம் உள்நாட்டில் பல மைல்வரை பரவியதையும், குளிப்பு முடிந்து மாதங்கள் சென்றபின்னும் ஏழைகள் அந்த அழுகல் மணலைக் கிளறி, தப்பிய முத்தொன்று கிட்டாதா என்று தேடிக்கொண்டிருந்ததையும் அவர் கூறுகின்றார். இவ்வொரு காட்சியில் அக்கரையின் பொருளாதாரம் முழுவதும் அடங்கிவிடுகின்றது. செல்வத்தில் பங்கில்லாதவனுக்குக் கழிவில் மட்டும் உரிமை தாராளமாகக் கிடைத்தது.

அதே காலத்தில், முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோத், குளிப்பை மேற்பார்வையிடும்பொருட்டு அரிப்பில் கிரேக்கப் பாணியில் ஒரு மாளிகை கட்டுவித்தார். அதன் இடிபாடுகளைக் கடல் இன்று சிறிது சிறிதாக அரித்து விழுத்துகின்றது.

1905 இல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருவாய் கிட்டியது. எட்டுக் கோடிச் சிப்பியின் சதையும் அந்த ஒரு பருவத்திலே, ஒரே கரையில் அழுகவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில் கொட்டுகளை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதியவர். அந்த நாற்றத்தை அவர் தமது முதுமையிலும் மறக்கவில்லை. அதே 1906 இல், ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்கு இலண்டன் நிறுவனமொன்றுக்குப் பார்கள் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 க்குப் பின் பார்கள் வெறுமையாயின, நிறுவனமும் கலைந்தது.

சிப்பியின் விளைச்சலைப் பெருக்கும் வழி காண 1902 இல் லிவர்ப்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவருடைய ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அறிவியல் நோக்கில் அது மதிப்பு மிக்கதே. ஆனால் சிப்பியின் நலத்துக்கு ஐந்து பாகங்கள் எழுதுவித்த அரசு, அக்கரையின் கிணறுகளை ஆராய்வதற்காக லிவர்ப்பூலிலிருந்து எவரையும் வரவழைத்ததாகக் காணோம்.

நாற்றமும் நோயும்

இங்கு வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகம் நாற்றத்தையே நோயின் காரணம் என நம்பியது. அழுகும் பொருளிலிருந்து எழும் கெட்ட காற்றே வாந்திபேதியைத் தருகின்றது என்பது அக்காலக் கோட்பாடு. அதனை நம்பியோர் கொட்டின் நாற்றத்துக்கே அஞ்சினர். தங்கள் கூடாரங்களைக் காற்று வரும் திசை பார்த்து அமைத்தனர். ஆனால் மனிதரைக் கொன்றது நாற்றமன்று. பல்லாயிரவர் மலங்கழிக்கும் மணலுக்கு நடுவே அகழப்பட்ட ஆழமில்லாத கிணறே கொன்றது. 1854 இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ இதனைத் தெருத்தெருவாக இறப்புகளைக் கணக்கிட்டுக் காட்டினார். 1884 இல் றொபேட் கொக் கல்கத்தாவின் குளத்து நீரிலும் நோயாளியின் குடலிலும் அக்கிருமியைக் கண்டார். சலாபக் கரையில் வாந்திபேதி தலைகாட்டியதால் குளிப்பு இடைநடுவே நிறுத்தப்பட்ட பருவங்களும் இருந்தன.

இந்நோயைத் தடுக்கும் தொழில்நுட்பம் அக்காலத்தில் இல்லாதிருந்ததா? 1829 இலேயே இலண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் தேம்ஸ் நதிநீரை மணற்படுகையில் மெதுவாக வடிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அப்படுகையின் மேற்பரப்பில் படரும் நுண்ணுயிர்ப் படலம் நோய்க்கிருமிகளைப் பெருமளவு உண்டு அழித்துவிடுகின்றது. மணலோ மன்னாரில் மலிந்து கிடந்தது! 1886 முதல் கொழும்பு நகருக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழி நீர் வந்தது. 1890களில் ஆக்ராவில் ஹாங்கின் என்பவர் பொட்டாசியம் பெர்மாங்கனேற்றினால் கிணறுகளைத் தூய்மையாக்கினார். 1908 இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரில் குளோரின் சேர்மத்தைக் குடிநீரில் இடைவிடாது கலக்கும் முறை தொடங்கியது. ஆகவே அறிவு இல்லாமையன்று காரணம். துறைமுகத் தலைநகர் நிலையானது, அங்கு நீர்க்குழாய் பதிக்கலாம். சலாப நகரம் தற்காலிகமானது, அங்கு எதைப் பதிப்பது? வருவாய் வரும் மாதங்களுக்கு மட்டும் அரசு வந்தது; வருவாயோடு அதுவும் மூட்டை கட்டிக்கொண்டது. முசலியிலும் அரிப்பிலும் ஆண்டு முழுவதும் வாழ்ந்தவர்களுக்கு அந்நகரம் விட்டுச்சென்றவை ஓட்டுக் குவியல்களே.

எளியவர் கையிலுள்ள தொழில்நுட்பத்தின் வலிமையையும் இங்குக் குறிப்பிடல் தகும். 2003 இல் வெளியான வங்காளதேச ஆய்வொன்று, பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடித்த கிராமங்களில் வாந்திபேதி 48 வீதம் குறைந்ததாகக் காட்டியது. அக்கிருமி நீரில் வாழும் நுண்ணிய மிதவையுயிர்களில் ஒட்டியிருப்பதால், அவ்வுயிர்கள் துணியில் சிக்கும்போது கிருமியும் சிக்குகின்றது. விலையுயர்ந்த இயந்திரமே விஞ்ஞானம் என்று கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

வடக்கு வீதி

சலாபம் சில ஆண்டுகளில் மட்டும் நடந்தது. அதே கரையில் ஆண்டுதோறும் நடந்த இன்னொரு பெருநிகழ்ச்சி மனித உழைப்பின் இறக்குமதியாகும். 1830களின் பிற்பகுதியிலிருந்து கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய தொழிலாளர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நூற்றுக்கு மேற்பட்ட மைல்களைக் கால்நடையாகக் கடந்தனர். வடக்கு வீதி எனப்பட்ட அவ்வழி காட்டு வழி. கோடையில் குளங்கள் வற்றிக் குட்டையாகிவிடும் வழி. முன் சென்ற கூட்டம் குடித்துக் குளித்து அசுத்தமாக்கிய குட்டையிலேயே பின் வந்த கூட்டமும் குடித்தது.

1841 முதல் 1848 வரை வந்தோரில் 70,000 பேர், அதாவது நான்கில் ஒருவர், மாண்டனர் என 1849 இல் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை கணித்தது. இத்தொகை மிகையென்று வாதிடும் வரலாற்றாசிரியர் உளர். அவர்கள் வாதத்தை ஒதுக்கிவிடலாகாது. ஆனால் அத்தகைய கணிப்பு தோட்டத்துரைமார் படித்த பத்திரிகையிலேயே வெளிவரக்கூடிய நிலை இருந்தது என்பதொன்றே போதும். இறந்தோரைச் சரியாக எண்ணிவைக்கவில்லை என்பது அக்காலத்தின் பெருங்குற்றமாகும். பிற்காலத்தில் அரசு அவ்வீதியில் மடங்களையும் கிணறுகளையும் மருத்துவ நிலையங்களையும் அமைத்தது உண்மை. தோட்டத்தில் ஆட்பஞ்சம் ஏற்படும் அச்சமும், நோய் மலைநாட்டில் பரவும் அச்சமும் அதற்குத் துணைநின்றன என்பதும் உண்மை.

1896 இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றிய பின்னர் நிலைமை மாறியது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் வடக்கு வீதி மூடப்பட்டது. 1914 இல் பாம்பன் இரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் சேவையும் தொடங்கியபோது, அக்கரையிலுள்ள மண்டபத்தில் இலங்கையரசின் தடுப்பு முகாம் அமைந்தது. தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கே நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டனர், அவர்களுடைய துணிகள் நீராவியில் இடப்பட்டன. மருத்துவ நோக்கில் இவற்றால் நன்மை விளைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இம்முறையின் உட்கருத்தைக் கவனிக்கவேண்டும். கிணற்றையும் குட்டையையும் தூய்மையாக்கவேண்டிய சமுதாயம், மனிதனையே ஆபத்தான பண்டமாகக் கருதி அவனைத் தூய்மையாக்கி அனுப்பியது. மலைநாட்டு இலயன் அறைகளுக்கு நல்ல நீரும் மலகூடமும் கிடைக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. இன்றும் அக்குறை முற்றாகத் தீரவில்லை.

இன்று கரை ஒதுங்குவன

அக்காலம் போயிற்று, நாம் விடுதலை பெற்றோம், இன்று நிலை வேறு என்று ஆறுதலடையலாமா?

2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் தீப்பற்றி, யூன் 2 அன்று மூழ்கியது. அதன் பெயரிலும் முத்து இருந்தது! 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகள் அதிலிருந்தன. அமிலம் கசிவதை அறிந்த பின்னரே கப்பல் இங்கு வந்தது. இந்தியாவின் ஹசிரா, கட்டாரின் ஹமாத் ஆகிய துறைமுகங்கள் அக்கசியும் கொள்கலனை இறக்க மறுத்துவிட்டிருந்தன. 2025 யூலையில் நமது உயர்நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருவதற்கு இரு மாதங்களுக்கு முன், மே 25 அன்று, கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் இன்னொரு கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. குமரிமுனையைச் சுற்றி வந்த அதன் குறுமணிகள் யூன் மாதத்தில் மன்னார்க் கரையில் ஒதுங்கின. முத்துப்போலவே வெண்மையாகவும் உருண்டையாகவும் இருக்கும் அக்குறுமணிகளை மணலைச் சலித்துப் பொறுக்கவேண்டிய வேலை மீண்டும் அக்கரைக்கே வந்துசேர்ந்தது. கழுவவும் முடியாது, அழுகவும் மாட்டாது என்பதே பழைய கழிவுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு.

கடல்வழி வருவது ஒருபுறமிருக்க, நிலத்தடியில் நேரக்கூடியது மற்றொன்று. மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று என்னும் கனிமம் உண்டு. வெண்ணிறப் பூச்சுப்பொருள் செய்ய உலகச் சந்தையில் அதற்குப் பெருங்கிராக்கி. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவுபெற்ற நிறுவனமொன்று தீவில் துளையிட்டு ஆய்வு நடத்தியுள்ளது. நாம் முன்னர் கூறிய கணக்கை இங்கு நினைவுகூர வேண்டும். நன்னீர் வில்லை நிற்பது அந்த மணலில். மணலை அகழ்ந்து, அலசி, கனிமத்தைப் பிரித்து, மிச்சத்தைத் திரும்பக் கொட்டினால், வில்லையின் மேல்மட்டம் அரையடி தாழாது என்று எவர் பிணைநிற்பார்? 2025 ஆகஸ்ட்டில் கனிம மணல் அகழ்வையும் புதிய காற்றாலைகளையும் எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது, அவர்கள் முன்னேற்றத்தின் எதிரிகள் என்று இலகுவாகக் கூறிவிடப்பட்டது. காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் எந்த இடத்தில், எத்தனை, வெள்ளம் வடியும் வழியை மறிக்காமலா, யாருடைய இசைவோடு என்னும் வினாக்கள் முன்னேற்றத்துக்கு எதிரானவையல்ல. முன்னேற்றத்தின் ஒரு பகுதியே.

போர் விட்டுச்சென்ற கழிவையும் மறக்கலாகாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்களிலும், பின்னர் இடம்பெயர்ந்த தமிழ் மக்களின் ஊர்களிலும், கிணறுகள் ஆண்டுக்கணக்கில் இறைக்கப்படாமல் தூர்ந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னரும், மன்னாரின் வயல்களில் கண்ணிவெடி அகற்றிய பிறகே கலப்பை இறங்கக்கூடியதாயிற்று. வெடிமருந்து புதைந்த மண்ணும் நச்சுக் கழிவே. அதற்கு இனம் தெரியாது. மிதித்தவன் எவனோ அவனே அதற்கு இரை.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்போருக்கு ஒன்று கூறுவோம். கடல்நீரையோ உவர்நீரையோ நுண்சவ்வுக்கூடாக அழுத்திக் குடிநீராக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் நிலையங்கள் இன்று வறண்ட வலயமெங்கும் பரவிவருகின்றன. 2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் பெரியதொன்று திறக்கப்பட்டது. மக்களின் தாகம் தீர்க்கும் எதையும் நாம் இகழோம். ஆனால் அவ்வியந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கி வைக்கின்றது. ஒரு குழாயில் நன்னீர் வரும்போது இன்னொரு குழாயில் செறிந்த உவர்நீர் வெளியேறும். அதனைச் சிறு கிராமமொன்றில் நிலையத்தின் பின்புறத்து மணலிலேயே விட்டால், அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு அந்த உப்புப் போய்ச்சேரும். கொட்டின் கதைதான் புதிய வடிவில் தொடர்கின்றது: முத்து ஒரு வழி, அழுகல் மறு வழி.

செய்யவேண்டியன

அண்மைய வரலாறு நமக்கு ஒரு படிப்பினை தருகின்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணக்கற்பாறைக்கூடாக இறங்கிக் கிணறுகளில் மிதந்தபோது, வீட்டுக்காரர் மணத்தாலும் நிறத்தாலும் அறிந்ததை நிறுவுவதற்கு ஆண்டுகள் சென்றன. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. கேட்டை உண்டாக்கியவனே அதற்குரிய செலவையும் ஏற்கவேண்டும் என்னும் நீதி இவ்வாறு நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றத் தொடங்கியுள்ளது. ஆனால் நீதிமன்றம் கேட்பது சான்று. கேடு நிகழுமுன் கிணறு எவ்வாறிருந்தது என்னும் பதிவு கையிலில்லாத மக்கள், கேடு நிகழ்ந்தபின் வெறுங்கையுடன் நிற்பர்.

எனவே மன்னாரிலும் அதனையொத்த கரைகளிலும் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். பள்ளிக்கூடந்தோறும் ஒரு கிணற்றுக் குறிப்பேடு தொடங்குங்கள். பள்ளிக் கிணற்றையும் அயலிலுள்ள ஒன்பது கிணறுகளையும் தெரிந்தெடுங்கள். மாதத்தில் ஒரு குறித்த நாளில், கல் கட்டிய நூலை இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து எழுதுங்கள். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறுகருவி இன்று பெருவிலையன்று. அதன் எண் உயர்ந்தால் உப்பு உயர்ந்ததென்று பொருள். மழையளவையும் அருகில் எழுதுங்கள். நிறம், மணம், கரையில் ஒதுங்கிய பொருள் யாவையும் நாளிட்டுக் குறியுங்கள். குறிப்பேட்டின் ஒரு படியைக் கிராம சங்கத்திடமும் வைத்திருங்கள். கணிதமும் புவியியலும் இரசாயனமும் குடிமையியலும் அவ்வொரு ஏட்டில் ஒருங்கே கற்பிக்கப்படும்.

அரசிடம் நாம் கோரவேண்டியனவும் உள. தீவின் நன்னீர் வில்லையை முழுமையாக அளந்து, அவ்வளவை மக்கள் அறியத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடாமல் எந்த அகழ்வுக்கும் அனுமதி வழங்கலாகாது. குடிநீர் நிலையம் அமைக்கும்போதே அதன் கழிவுநீருக்கும் வழி அமைத்தல் வேண்டும். ஆபத்தான சரக்கேற்றி நம் கடலைக் கடக்கும் கப்பல்களின் சரக்குப் பட்டியல் கரையோர மீனவர் சங்கங்களுக்கும் எட்டவேண்டும். இவை மிகையான கோரிக்கைகளல்ல. கொழும்புக்கு 1886 இலேயே கிடைத்த அக்கறையின் ஒரு பகுதியே.

முத்துப் பார்கள் வெறுமையாகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. சம்மாட்டிகளும் ஏலக்காரரும் இலண்டன் பங்குதாரரும் போய்விட்டனர். மரிச்சுக்கட்டியின் ஓட்டுக் குவியல்களுக்கு அருகே மக்கள் இன்னும் வாழ்கின்றனர். நாள்தோறும் வாளியைக் கிணற்றில் இறக்குகின்றனர். அந்த வாளியில் வரும் நீர் உவர்க்கின்றதா இல்லையா என்பதை இனிமேலாவது நாம் எழுதிவைப்போம்.